காந்தத் துகளும் மூளை நோயும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு மருத்துவ விஞ்ஞானம் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். பட்டிமன்றத்திற்கும் பரதநாட்டியத்திற்கும் இடையே ஒருவர் எழுந்து காந்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவையினர் தேநீர் அருந்த எழுந்து போய்விடுவரே என்னும் அச்சம் எமக்கு இருந்தது. மேலும் யாம் மருத்துவர் அல்லோம். எம் தொழில் இரும்பு. இப்பிலாய் நகருக்கு வந்து, இரும்பின் குணங்களைக் கற்பதிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டோம். ஆயினும் இன்று மூளை மருத்துவர்கள் ஆராயும் பொருள்களுள் இரும்பும் ஒன்று என்பதால், இரும்பின் பக்கத்திலிருந்து இரண்டொரு செய்திகளைச் சொல்ல எமக்கும் சிறிது உரிமை உண்டு என்று துணிந்து வந்தோம்.

வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு நம் காலனியில் நிகழ்ந்தது அது. ரெயில் மில்லில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்க்குப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று நம்மவர் கூறுவது. கையில் நடுக்கம், நடையில் தயக்கம், முகத்தில் உணர்ச்சிக் குறைவு. எனினும் வேளை தவறாமல் மாத்திரை உண்டு ஓரளவு நலமாகவே இருந்து வந்தார். அந்நாளில் 'காந்த நானோ சிகிச்சை' என்று அச்சிட்ட துண்டுத்தாளுடன் ஒரு விற்பனையாளர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். இடுப்பில் கட்ட ஒரு பட்டை, தலையில் அணிய ஒரு குல்லாய். இரண்டும் சேர்ந்து நாற்பதாயிரம் ரூபாய். தாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் இருந்தது. எலியின் படமும் இருந்தது. மாத்திரையை நிறுத்தினால்தான் காந்தம் வேலை செய்யும் என்று வந்தவர் சொன்னார். பெரியவரும் நிறுத்தினார். பத்தாம் நாள் உடல் விறைத்து, காய்ச்சல் கண்டு, விழுங்கவும் மாட்டாத நிலையில், நள்ளிரவில் அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. பிழைத்துக்கொண்டார். இவ்வவையிலும் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே இதனைச் சொல்லுகிறோம்.

அந்தத் தாளை யாம் வாங்கிப் படித்தோம். அதில் கண்ட ஆராய்ச்சி பொய்யன்று, உண்மையாகவே நடந்தது, உலகின் சிறந்த விஞ்ஞான இதழொன்றில் வெளிவந்தது. பின் பொய் எங்கே நுழைந்தது? எலிக்கும் குல்லாய்க்கும் இடையே நுழைந்தது. அந்த இடைவெளியை அளந்து காட்டவே இன்று முயல்கிறோம்.

முதலில் இரும்பைப் பார்ப்போம். தல்லி ராஜ்ஹராச் சுரங்கத்திலிருந்து கனிப்பாறை இங்கு வருவதும், 1959ஆம் ஆண்டில் நம் முதல் ஊதுலை கனன்றதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மனித உடலிலும் மூன்று நான்கு கிராம் இரும்பு உண்டு. அதில் பெரும்பகுதி குருதியில் இருக்கிறது. இரும்பும் ஆக்சிஜனும் ஒருவகையாய்ச் சேர்ந்தது மேக்னடைட் என்னும் கருங்கல். இயற்கைக் காந்தக் கல் என்பது அதுவே. இக்கல்லைப் பொடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? மணல் அளவிலும் அது காந்தக் கல்தான். மாவு அளவிலும் காந்தக் கல்தான். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே அதன் குணம் மாறிவிடுகிறது. அவ்வெல்லை ஏறத்தாழ இருபது முப்பது நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் நானோமீட்டர் வரை இருக்கும். குருதியின் சிவப்பணு ஏழாயிரம் எட்டாயிரம் இருக்கும். யாம் பேசும் துகளோ பத்து, இருபது.

குணம் எவ்வாறு மாறுகிறது? காந்தத் துண்டு ஒன்றை ஒரு பெரிய ஊர் என்று கொள்ளுங்கள். ஒரு தெருவில் உள்ள வீடுகளெல்லாம் ஒரே திசை நோக்கி நிற்கின்றன. அடுத்த தெரு வேறு திசை நோக்குகிறது. வெளியிலிருந்து வலிய காந்தத்தைக் கொண்டுவந்தால் தெருக்கள் எல்லாம் அதன் பக்கம் முகம் திருப்பும். காந்தத்தை அகற்றிய பின்னரும் சில தெருக்கள் பழைய திசைக்கு மீளாமல் நின்றுவிடும். ஆலையில் காந்தக் கிரேன் தூக்கிப் போட்ட ஆணி, பிறகு மற்றோர் ஆணியை மெல்ல இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். இருபது நானோமீட்டர்த் துகளில் ஊர் இல்லை. ஒரே ஒரு தெருதான். அது மிகச் சிறிதாகையால், அறையின் வெப்பமே அதனை ஓயாமல் திருப்பிக்கொண்டிருக்கிறது. ஆதலின் வெளிக்காந்தம் இல்லாதபோது அது காந்தமாகவே நடந்துகொள்வதில்லை. வெளிக்காந்தம் வந்ததும் துகள்கள் எல்லாம் சட்டென ஒரு முகமாகும், போனதும் கலைந்துவிடும். 1949இல் இதற்குக் கணக்கு வகுத்துத் தந்தவர் பிரான்சு நாட்டின் லூயி நேல். காந்தவியலில் அவர் செய்த பணிக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

இக்குணம் மருத்துவர்க்கு ஏன் வேண்டும்? குருதியில் செலுத்திய துகள்கள் எந்நேரமும் காந்தமாகவே இருந்தால், ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகி நாளத்தை அடைத்துவிடும். வேண்டும்போது காந்தம், வேண்டாதபோது வெறும் துரு என்று இருந்தால் அந்த அச்சம் பெரிதும் குறைகிறது. துகளின் மேல் சர்க்கரை வகைப் பொருள் ஒன்றைப் பூசிவிட்டால் அவை நீரிலும் கட்டியாகாமல் மிதக்கும். இத்தகைய காந்தத் திரவத்தை 1963இல் அமெரிக்காவின் நாசாவில் முதலில் ஆக்கியது மருத்துவத்திற்காக அன்று. எடையற்ற வெளியில் ராக்கெட்டின் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செல்வதற்காக! நம் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் காந்தத் திரவங்கள் பற்றிய ஆராய்ச்சி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது.

இங்கே இடைப்பேச்சாக ஒன்று. சித்த மருத்துவத்தில் அயக்காந்தச் செந்தூரம் உண்டு. குருதிச் சோகைக்குத் தருவர். இதைக் காட்டி, நானோ விஞ்ஞானத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். முன்னோர் இரும்பைப் புடமிட்டு மருந்தாக்கத் தெரிந்தவர்கள். அந்தப் பெருமையே போதும். அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் புகுத்துவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது என்பது எம் கருத்து.

இனி மூளைக்கு வருவோம். மூளை நோய்க்கு மருந்து தேடுவோர் முதலில் முட்டிக்கொள்வது ஒரு மதிற்சுவரில். 1885ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்கின் குருதியில் சாயம் ஏற்றினார். உடல் முழுதும் சாயம் பிடித்தது. மூளை மட்டும் வெண்மையாகவே நின்றது. பிறகு 1913இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சூழ்ந்த நீரில் சாயத்தைச் செலுத்தினார். இம்முறை மூளையில் சாயம் பிடித்தது, உடலில் பிடிக்கவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தடை இருக்கிறது என்பது தெளிவாயிற்று. 1967இல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் துணையால் அத்தடையைக் கண்ணாலேயே கண்டனர். மற்ற உறுப்புகளின் நுண்ணாளங்களில் அணுக்களுக்கு இடையே சிறு சந்துகள் உண்டு. மூளையின் நுண்ணாளங்களிலோ அச்சந்துகள் இறுகத் தைக்கப்பட்டுள்ளன.

நம் பெரியவர் உண்ணும் மாத்திரை இம்மதிலைத் தாண்டும் வகை சுவையானது. நடுக்குவாதத்தில் மூளையில் குறைவது டோபமைன் என்னும் பொருள். அதையே ஊசியாகப் போட்டால் மூளைக்குள் நுழையாது. அதற்கு முந்திய நிலையில் உள்ள லெவோடோபா என்னும் பொருளைத் தந்தால், புரதக் கூறுகளுக்கென்று மதிலில் அமைந்த வாயில் வழியாக அது உள்ளே சென்று, அங்கே டோபமைனாக மாறுகிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இரு சென்னை ஆராய்ச்சியாளர்கள்; ஆண்டு 1937. நடுக்குவாதத்திற்கு அது மருந்தாகும் என்பது உலகுக்குத் தெரிய வந்தது 1960களிலேதான்.

லெவோடோபாவைப் போல் வாயில் தெரிந்த மருந்துகள் சிலவே. மற்றவற்றைக் காந்தத் துகளின் முதுகில் ஏற்றி, தலைக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து உள்ளே இழுத்துவிடலாமே என்று நம் கல்லூரி மாணவர்கள் கேட்கக்கூடும். விஞ்ஞானிகளும் அதைத்தான் முதலில் எண்ணினர். இதற்கு இரண்டு இடையூறுகள். ஒன்று, காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக் கூட மிக விரைவாகக் குறைகிறது. அட்டைக்கு அடியில் உள்ள ஆணியை இழுக்கும் காந்தம் தலையணைக்கு அடியில் உள்ளதை இழுப்பதில்லை. மற்றொன்று இன்னும் கடினமானது. வெளியே வைத்த காந்தம் துகளைத் தன்னை நோக்கித்தான் இழுக்கும். அதாவது மண்டையோட்டின் ஓரத்திற்கு. மூளையின் நடுவில் ஓரிடத்தில் துகள்கள் வந்து கூடி நிற்கும்படி, அசையாத காந்தங்களை வெளியே எப்படி அடுக்கினாலும் இயலாது. இதற்கு அடிப்படையான விதியை எர்ன்ஷா என்னும் ஆங்கிலேயர் 1842இலேயே நிறுவிவிட்டார். போதாக்குறைக்கு, குருதியில் செலுத்திய துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து விழுங்கிவிடுகின்றன. ஆகவே, நோய்ப்பட்ட மூளைப் பகுதிக்குக் காந்தம் மருந்தை இழுத்துச் செல்லும் என்று எவரேனும் எளிதாகச் சொன்னால், இம்மூன்று இடையூறுகளையும் அவர் எவ்வாறு கடந்தார் என்று கேளுங்கள்.

இழுப்பதற்குப் பயன்படாத துகள் காட்டிக் கொடுப்பதற்கு நன்றாகப் பயன்படுகிறது. எம்.ஆர்.ஐ. என்னும் படக்கருவியில் நம்மில் பலர் படுத்து எழுந்திருக்கிறோம். உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் காந்தப்புலத்தில் எழுப்பும் குறியைக் கொண்டு அக்கருவி படம் எழுதுகிறது. 1973இல் லாட்டர்பர் காட்டிய வழி அது. அவருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இரும்புத் துகள் ஓரிடத்தில் தங்கினால் அங்குள்ள காந்தப்புலம் கலங்குகிறது. படத்தில் அவ்விடம் கருக்கிறது. ஃபெருமாக்சிடால் என்னும் மருந்து இத்தகைய துகளே. சிறுநீரக நோயாளரின் சோகைக்கு இரும்பு ஊட்டுவதற்காக 2009இல் அமெரிக்க அரசின் இசைவு பெற்றது. அதை மூளைப் படத்திற்கும் மருத்துவர்கள் பயன்படுத்தினர். வழக்கமான கடோலினியம் சாயம் சில நிமிடங்களில் தெரியும். இரும்புத் துகளுக்கோ ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள், வீக்கம் கண்ட இடத்திற்கு விரைந்து வரும் விழுங்கணுக்கள் துகளை விழுங்கிவைத்திருக்கும். கட்டியின் ஓரத்தில் அழற்சி எங்கே உள்ளது என்பதை அது காட்டும். கடோலினியம் ஏற்க முடியாத சிறுநீரக நோயாளருக்கும் இது ஒரு வழி. குறை இல்லாமல் இல்லை: சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேர்ந்ததால், 2015இல் அம்மருந்தின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அதை ஏற்றிக்கொண்டவர்களின் எம்.ஆர்.ஐ. படம் மூன்று மாதம் வரை மாறித் தோன்றக்கூடும்.

தைவான் நாட்டில் செய்யும் ஒரு சோதனை இதைவிட எளியது. உடலுக்குள் துகளைச் செலுத்த வேண்டியதே இல்லை. மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு, டாவ் என்னும் புரதங்கள் குருதியிலும் மிக மிகச் சிறிதளவு கலந்திருக்கும். அப்புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைத் துகளின் மேல் பூசி, குழாயில் எடுத்த குருதி நீருடன் கலக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் துகள்கள் சுழன்று ஆடும். புரதம் பற்றிய துகள் கனத்துப்போய் ஆட்டம் குறையும். அக்குறைவை அளந்தால் புரதத்தின் அளவு தெரியும். கோயில் தேரில் ஆட்கள் ஏற ஏற ஓட்டம் தளர்வதைப் போன்றது. மறதி நோய் உள்ளோரைக் கண்டறியும் வழிகள் பல இன்று குருதிச் சோதனையை நோக்கித் திரும்பியுள்ளன. அவற்றுள் இதுவும் ஒன்று. துகளை மட்டுமே நேராகப் படம் எடுக்கும் புதிய கருவியொன்றை 2005இல் ஹாம்பர்க்கில் கண்டனர். மனிதத் தலை நுழையும் அளவுக்கு அதை வளர்க்கும் பணி நடந்துவருகிறது.

இனிச் சிகிச்சை. இங்கே சற்று நின்று பேச வேண்டும். நம்பிக்கையும் ஏமாற்றும் அருகருகே இருப்பது இங்குத்தான்.

காந்தப்புலத்தை நொடிக்கு லட்சம் முறை திசைமாற்றினால், துகளும் அதற்கு ஈடுகொடுத்துத் திரும்ப முயன்று, இயலாமல் பின்தங்கி, அதனால் சூடேறும். 1957இலேயே கில்கிறிஸ்ட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும், நிணநீர்க் கணுக்களில் தங்கிய புற்றை இவ்வாறு சுட்டழிக்கலாம் என்று எழுதினர். அது மனிதரின் மூளைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. பெர்லின் நகரில் யோர்டான் என்னும் விஞ்ஞானியும் அவருடன் உழைத்த மருத்துவர்களும் அதைச் செய்தனர். மூளையில் தோன்றும் கிளியோபிளாஸ்டோமா மிகக் கொடிய கட்டி. அறுத்தாலும் மீண்டும் தோன்றும். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, பூச்சிட்ட இரும்புத் துகள்கள் மிதக்கும் நீரை நேராகக் கட்டிக்குள்ளேயே செலுத்தினர். மதிலைத் தாண்ட முடியாது என்பதால் மதிலையே துளைத்துச் சென்றனர் என்க. பிறகு நோயாளியின் தலையைப் பெரிய மின்காந்தத்தின் நடுவே வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாகச் சூடேற்றினர். கதிர்வீச்சுச் சிகிச்சையும் உடன் தந்தனர். 2010இல் ஐரோப்பாவில் இம்முறைக்கு இசைவு கிடைத்தது. 66 நோயாளருக்குச் செய்த சிகிச்சையின் விவரத்தை 2011இல் வெளியிட்டனர். அவர்களுள் 59 பேருக்குக் கட்டி மீண்டும் வந்திருந்தது. அவர்கள், கட்டி மீண்டும் வந்ததிலிருந்து நடுக்கணக்காக 13.4 மாதம் உயிர்வாழ்ந்தனர். அந்நோய்க்கு இது முன்னைய கணக்கைவிடக் கூடுதல்.

நல்ல செய்திதான். ஆயினும் அவ்வாராய்ச்சியில், சூடேற்றாத மற்றொரு குழுவினரை அதே காலத்தில் வைத்து ஒப்பிடவில்லை; பழைய நோயாளரின் கணக்கோடுதான் ஒப்பிட்டனர். தேர்ந்தெடுத்த நோயாளர்கள் இயல்பிலேயே சற்று வலுவானவர்களாக இருந்திருக்கலாம். இரும்புத் துகள் மூளையிலேயே தங்கிவிடுவதால், கட்டி மீண்டும் வளர்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் அதன்பின் பார்க்க இயலாது. துகளின் நிழல் படத்தை மறைத்துவிடும். சூடேறும் என்பதால் பல்லில் அடைத்த உலோகத்தையும் முன்னரே அகற்ற வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இச்சிகிச்சையே ஆகாது. இத்தனையும் தாண்டி நின்ற அந்த ஜெர்மானிய நிறுவனம் 2022இல் நொடித்துப்போயிற்று. முறை பொய் என்பதால் அன்று; போதிய நோயாளரும் பணமும் சேரவில்லை. விஞ்ஞானத்தில் வெற்றி என்பது ஒருநாள் செய்தித்தாளோடு முடிவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

சுட்டு அழிக்காமல், சிறு சூட்டால் நரம்பைத் தட்டி எழுப்பலாமா? அந்தத் துண்டுத்தாளில் கண்ட எலி இப்போது வருகிறது. மிளகாயைக் கடித்தால் ஏன் எரிகிறது என்று தாய்மார்கள் எப்போதேனும் எண்ணியதுண்டா? நரம்பின் மேல் ஒரு சிறு வாயில் உள்ளது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் சூட்டில் அது திறக்கும். மிளகாயின் காரப்பொருள் பட்டாலும் திறக்கும். ஆதலால்தான் காரத்தை மூளை சூடென்று கொள்கிறது. 1997இல் இவ்வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். இந்த மிளகாய் வாயிலை, நோயற்ற கிருமி ஒன்றின் மூலம் எலியின் மூளை நரம்புகளில் புகுத்தினர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தைச் சேர்ந்த போலினா அனிகீவா குழுவினர். அதே இடத்தில் காந்தத் துகளையும் ஊசியால் செலுத்தினர். வெளியே மாறும் காந்தப்புலத்தை ஏற்றியதும் துகள் சூடேறி, வாயில் திறந்து, நரம்பு விழித்தது. ஒரு மாதம் கழித்தும் அத்துகள் வேலை செய்தது. 2015இல் வெளிவந்த செய்தி இது. 2021இல், நடுக்குவாதம் போன்ற நிலையை உண்டாக்கிய எலிகளிலும் இம்முறை நடையைச் சீர்ப்படுத்தியதாக மற்றொரு குழு எழுதிற்று.

இதன் பயன் பெரிதாக இருக்கக்கூடும். இன்று மாத்திரைக்கு அடங்காத நடுக்குவாதத்திற்கு மூளையின் ஆழத்தில் மின்கம்பி பதிக்கிறார்கள். 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் தொடங்கிய முறை அது. நம் நாட்டில் திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களில் செய்கிறார்கள். மார்பில் ஒரு மின்கலம், கழுத்து வழியாகக் கம்பி, செலவும் மிகுதி. கம்பியே இல்லாமல் அதைச் செய்ய முடிந்தால் எத்துணை நலம்! ஆனால் எலியின் மூளை ஒரு கிராமில் பாதிக்கும் குறைவு. மனித மூளை ஏறத்தாழ 1,400 கிராம். எலி நுழையும் சுருளில் எழுப்பிய புலத்தை மனிதத் தலையளவு எழுப்ப வேண்டும். மனித நரம்பில் புது வாயிலைக் கிருமி மூலம் புகுத்துவது பாதுகாப்பானதா என்று காண வேண்டும். துகள் பல்லாண்டு மூளையில் தங்கினால் என்ன செய்யும் என்று அறிய வேண்டும்.

கடைசிக் கேள்வி நமக்கு மிக அருகில் இருக்கிறது. மனித மூளையில் இயற்கையாகவே மேக்னடைட் நுண்படிகங்கள் உண்டு என்று 1992இல் கிர்ஷ்விங்க் குழுவினர் கண்டனர். பின்னர் 2016இல் பார்பரா மாஹர் என்னும் அம்மையாரின் குழுவினர், மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளையை ஆராய்ந்தனர். அங்கே உருண்டையான மேக்னடைட் துகள்கள் இருந்தன. உடலில் விளைந்தவை கூர்முனைப் படிகங்களாக இருக்கும். உருண்டையாக உருகி உறைந்தவை பெருஞ்சூட்டில் பிறந்தவை. வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் காணப்படும் துகளின் வடிவமே அது. மூக்கின் மணநரம்பு வழியாக அவை மதிலைச் சுற்றிக்கொண்டு மூளைக்குச் சென்றிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மறதி நோய்க்கு இவையே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் இரும்பாலை நகரில் வாழும் நாம் இதைக் கேட்டும் கேளாமல் இருத்தல் ஆகாது. ஆலைக்குள் தூசி மிகுந்த இடத்தில் வேலை செய்யும் இளைஞர்கள், மேற்பார்வையாளர் தலை மறைந்ததும் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிடுவதை யாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

இப்போது குல்லாய்க்கு வருவோம். பெரியவர் தலையில் அணிந்தது அசையாத காந்தம். அவர் மூளைக்குள் துகள் இல்லை. மிளகாய் வாயிலும் இல்லை. இருந்தாலுமேகூட, அசையாத காந்தம் துகளைச் சூடேற்றாது. குருதியில் உள்ள இரும்பை அது இழுக்கும் என்று விற்பவர் சொன்னாராம். ஆக்சிஜன் ஏறிய குருதியைக் காந்தம் இழுப்பதில்லை. மிக மெல்ல விலக்கவே செய்யும் என்று பாலிங், கோரியல் இருவரும் 1936இலேயே காட்டிவிட்டனர். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் 1.5 அல்லது 3 டெஸ்லா. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. குல்லாயின் காந்தம் மூளையைக் குணமாக்குமாயின், எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டோர் எல்லாம் நடுக்கம் தீர்ந்தல்லவா எழுந்து வர வேண்டும்?

காந்தத்தால் செய்யும் மெய்யான மூளைச் சிகிச்சை ஒன்று இன்றே நம் நாட்டில் உண்டு. தலைக்கு மேல் சுருள் ஒன்றை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாக வலிய காந்தப்புலத்தை எழுப்பி அடக்குவர். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை எழுப்பும் என்று 1831இல் பாரடே கண்ட விதிப்படி, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டம் தோன்றும். 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் பார்க்கர் தொடங்கிய இம்முறை, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு 2008 முதல் அமெரிக்காவில் இசைவு பெற்றுள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தில் இதைச் செய்கிறார்கள். இதில் நானோத் துகள் இல்லை. மருத்துவர் இல்லாமல் வீட்டில் செய்துகொள்ளும் சிகிச்சையும் அன்று. வலிப்பு நோய் உள்ளோர்க்கு இதில் தனிக் கவனம் வேண்டும்.

அவையிலிருந்து தாய்மார் சிலர் ஒரு சீட்டு அனுப்பியுள்ளனர். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தாலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். கழற்ற வேண்டும். பொன்னைக் காந்தம் இழுக்காது. ஆனால் சங்கிலியின் கொக்கியில் வேறு உலோகம் இருக்கலாம். பொன் சங்கிலியும் கருவியின் அலைகளால் சூடேறித் தோலைச் சுடலாம். மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்துகொண்டு செல்வதில் தடையில்லை. மெட்டி, கொண்டை ஊசி, ஊக்கு எல்லாம் வெளியே. பழைய அறுவையில் உடலுக்குள் வைத்த கிளிப், பேஸ்மேக்கர், காது கேட்கும் கருவி ஆகியவற்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். நோயாளியுடன் உள்ளே செல்லும் உறவினருக்கும் இது பொருந்தும். 2018ஆம் ஆண்டில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் எடுத்துச் சென்ற இளைஞர் ஒருவர், அக்கருவி சிலிண்டரை இழுத்ததால் உயிரிழந்தார். நோயாளி ஒருவருக்குத் துணையாக வந்த உறவினர் அவர். அந்தக் காந்தத்தை மாலையில் விளக்கை அணைப்பதுபோல் அணைத்துவைப்பதில்லை. அறையில் ஆளில்லாத போதும் அது விழித்தே இருக்கிறது.

நடுக்குவாதம், வலிப்பு, மறதி ஆகிய நோய்களுக்கு மாத்திரை உண்ணும் பெரியோர்கள், எந்தப் புதுச் சிகிச்சையைக் கேள்விப்பட்டாலும், நரம்பு மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்த வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம். துண்டுத்தாளோடு எவரேனும் கதவைத் தட்டினால், அத்தாளை எம்மிடம் கொண்டுவாருங்கள். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்போம். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

நடனச் சிறுமியர் சலங்கையுடன் நெடுநேரமாகக் காத்திருக்கின்றனர்.